உறைய வச்ச மனுஷன் எழுந்துட்டாரா? இல்லவே இல்ல

"அமெரிக்காவுல உறைய வச்ச மனுஷனுக்கு உயிர் வந்துருச்சு, இனி சாவே கிடையாது"ன்னு ஒரு வீடியோ சுத்துது, தயவுசெஞ்சு ஃபார்வர்டு பண்ணாதீங்க, சுத்தப் பொய். 1967 ஜனவரியில ஜேம்ஸ் பெட்ஃபோர்டுங்கிற பேராசிரியர் இறந்ததும், பின்னாடி உயிர்ப்பிக்கலாம்ங்கற நம்பிக்கையில அவர் உடம்பை இப்படி உறைய வச்சாங்க, இன்னிக்கும் பயங்கரக் குளிரான திரவ நைட்ரஜன்லதான் இருக்கு, அவரும் எழுந்திரிக்கல, அப்புறம் வச்ச யாருமே எழுந்திரிக்கல.

சிக்கலே தண்ணியிலதான். செல்லுல இருக்கற தண்ணி ஐஸாகும்போது ஊசி ஊசியா படிகம் வளர்ந்து சவ்வைக் கிழிச்சிரும். அதைத் தடுக்க கெமிக்கல் ஏத்தி கண்ணாடி மாதிரி இறுக வைக்கறாங்க, ஆனா திரும்ப சூடாக்கறப்ப எல்லா இடமும் ஒரே சீரா சூடேறலன்னா விரிசல் விட்டுரும், அந்த கெமிக்கலும் அளவு கூடினா விஷம்.

கருவை உறைய வச்சு குழந்தை பொறக்கறது நிஜம், அது கொஞ்சமே கொஞ்சம் செல்லுங்கறதால முடியுது. 2023ல மினசோட்டா பல்கலைக்கழகத்துல எலி கிட்னியை 100 நாள் வரைக்கும் இப்படி வச்சிருந்து, இரும்பு ஆக்சைடு நானோ துகள் (கண்ணுக்கே தெரியாத பொடித் துகள்) மூலமா சீரா சூடாக்கி, வேற எலிக்குப் பொருத்தி வேலை செய்ய வச்சாங்க, படிச்சப்ப எனக்கு சிலிர்த்துருச்சு, உறுப்பு தானத்துக்குக் காத்திருக்கறவங்களுக்கு நாளைக்கு இது பெரிய வழியா ஆகலாம். ஆனா ஒரு எலி கிட்னி வேற, நினைவெல்லாம் தாங்கற மனுஷ மூளை வேற, அதை இதுவரைக்கும் யாரும் மீட்டதில்ல.