குதிரை உங்கள் பள்ளி, சவாரி எங்கள் பள்ளி

(இடம்: ஸ்பெயின், செவில் நகரம், பிளாசா தே எஸ்பான்யா. பிப்ரவரி மாதத்து மத்தியானம். மாணவர் பரிமாற்றத்துக்காக இங்கிலாந்திலிருந்து பிள்ளைகளை அழைத்து வந்த டீச்சரும், ஊரைச் சுற்றிக் காட்டும் உள்ளூர் வாத்தியாரும் ஓடு பதித்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவரும் பேசுவது ஆங்கிலமும் ஸ்பானியமும் கலந்த ஒரு மொழி. நாம் தமிழில் கேட்டுக்கொள்ளலாம்.)

டீச்சர்: சார், மணி பன்னிரண்டரை. பிள்ளைகளுக்குச் சாப்பாடு?

வாத்தியார்: இப்போதா? எங்கள் ஊரில் இன்னும் காலை காபியே முடியவில்லை டீச்சர். இரண்டரை மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

டீச்சர்: இரண்டரைக்கு எங்கள் ஊரில் மதியச் சாப்பாடு செரித்தே போயிருக்கும்.

வாத்தியார்: தங்கியிருக்கிற வீட்டு அம்மாக்கள் ஆளுக்கொரு பொக்காடியோ கட்டிக் கொடுத்தார்களே? ரொட்டிக்குள்ளே உருளைக்கிழங்கு ஆம்லெட்டை வைத்து, முழங்கை நீளத்துக்கு?

டீச்சர்: பாதிப் பேர் பஸ் கிளம்புமுன்பே முடித்துவிட்டார்கள். மீதிப் பேர் ஜிரால்டா கோபுர உச்சியில். ஊர் முழுக்கத் தெரிகிறது, பாருங்கள் என்கிறேன்; திரும்பினால் அலுமினியத் தாள் பிரிக்கிற சத்தம்.

வாத்தியார்: உச்சி வரை ஏறினார்களே, அதுவே பெரிது. படிக்குப் பதில் சரிவுப் பாதை என்பதால் தப்பித்தோம். 12ஆம் நூற்றாண்டில் மசூதியின் மினாராகக் கட்டும்போது, பாங்கு சொல்பவர் குதிரையிலேயே மேலே போகட்டும் என்று 35 சரிவு வைத்தார்களாம்.

டீச்சர்: அதைப் பிள்ளைகளிடம் சொன்னீர்கள் பாருங்கள், அங்கேதான் வினை. உங்கள் பையன் ஒருத்தன் எங்கள் பையனை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு 35 சரிவும் ஏறினான். குதிரை உங்கள் பள்ளி, சவாரி எங்கள் பள்ளி.

வாத்தியார்: ஐயோ! இறங்கும்போது?

டீச்சர்: மாற்றிக்கொண்டார்கள். பரிமாற்றம்தானே சார்.

வாத்தியார்: அது இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் ஏன் அரைக்கைச் சட்டையில் அலைகிறார்கள்? தெருவில் போகிற பாட்டிகளெல்லாம் என்னை நிறுத்தி, 'இதுகளுக்குப் பெற்றவர்கள் இல்லையா' என்று கேட்கிறார்கள்.

டீச்சர்: 18 டிகிரி வெயில் சார்! இதற்கு மேல் அடித்தால் எங்கள் ஊரில் பேப்பரில் வரும். உங்கள் பிள்ளைகள்தான் பனிமலை ஏறப் போகிறவர்கள் மாதிரி ஜாக்கெட்டும் மஃப்ளரும் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

வாத்தியார்: பிப்ரவரி, டீச்சர். காலண்டர் என்ன சொல்கிறதோ அதைத்தான் போடுவோம்.

டீச்சர்: அப்புறம், அந்த ஆரஞ்சு விஷயம். தெருத்தெருவாக மரம், பழம் தலையில் இடிக்கிறது, ஒருவரும் தொடுவதில்லை. இவ்வளவு ஒழுக்கமான ஊரா என்று எங்கள் பிள்ளைகளுக்கு நான் பாடமே எடுத்தேன். பாடம் முடியுமுன் ஒருத்தன் பறித்துக் கடித்துவிட்டான். அவன் முகம் போன போக்கைப் படம் பிடிக்க உங்கள் பிள்ளைகள் போனைத் தூக்கித் தயாராக நிற்கிறார்கள்!

வாத்தியார்: வருகிறவர்களுக்கு நாங்கள் வைக்கிற நுழைவுத் தேர்வு அது. இதுவரை ஒருவரும் பாஸ் ஆனதில்லை.

டீச்சர்: அந்தக் கசப்பை யார்தான் சாப்பிடுவார்கள்?

வாத்தியார்: நீங்கள்தான்.

டீச்சர்: நாங்களா?

வாத்தியார்: இந்தக் கசப்பு ஆரஞ்சைக் கப்பலேற்றி உங்கள் நாட்டுக்குத்தானே அனுப்புகிறோம்? நீங்கள் அதில் சர்க்கரையைக் கொட்டிக் கிண்டி, மார்மலேட் என்று ரொட்டியில் தடவிக்கொள்கிறீர்கள்.

டீச்சர்: (குரலைத் தாழ்த்தி) நேற்று உங்கள் மனைவிக்கு எங்கள் ஊர் விசேஷம் என்று ஒரு பாட்டில் கொடுத்தேனே...

வாத்தியார்: லேபிளைப் படித்தாள். எங்கள் ஊர்ப் பழம்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறாள். திறப்பதாக இல்லை.

டீச்சர்: சரி, கேள்வித்தாளைப் பார்ப்போம். 'கதீட்ரலில் கொலம்பஸின் சவப்பெட்டியைச் சுமக்கும் நான்கு சிலைகள் யார்?' எங்கள் பையன் ஒருத்தன் எழுதியிருக்கிறான்: 'சொந்தக்காரர்கள்.'

வாத்தியார்: சொந்தக்காரர்களா! காஸ்தீல், லியோன், ஆரகான், நவார் என்று நான்கு ராஜ்யங்கள் அவை! எங்கள் பிள்ளைகளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களே?

டீச்சர்: கேட்டுத்தான் எழுதினானாம்.

வாத்தியார்: (சிறிது நேரம் பேச்சில்லை) கொலம்பஸ் 1506இல் வயாதோலித்தில் செத்தார். அங்கிருந்து செவில், அப்புறம் சாந்தோ தொமிங்கோ, அப்புறம் ஹவானா, 1898இல் கியூபா கைவிட்டுப் போனதும் மறுபடி செவில். செத்த பிறகு அவர் சுற்றியதில் கால்வாசிகூட இதுகள் உயிரோடு சுற்றவில்லை. இதோ இந்த இடம், 1929 கண்காட்சிக்குக் கட்டியது. ஸ்பெயினின் மாகாணம் ஒவ்வொன்றுக்கும் ஓட்டில் சித்திரம் வரைந்து ஒரு பெஞ்ச். நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? எந்த பெஞ்சில் சிக்னல் நன்றாக வருகிறது என்று தேடுகிறார்கள்.

டீச்சர்: ஜூனில் லண்டன் வந்து பாருங்கள். டவர் ஆஃப் லண்டனுக்கு அழைத்துப் போகிறேன். அங்கே ஆறு அண்டங்காக்கைகள் இருந்தே ஆக வேண்டும். குறைந்தால் ராஜ்யமே கவிழ்ந்துவிடும் என்று ஐதீகம்.

வாத்தியார்: ஒன்று பறந்துவிட்டால்?

டீச்சர்: அதற்குத்தான் கூடுதலாக ஒன்று வைத்திருப்பார்கள்.

வாத்தியார்: நல்ல ஏற்பாடு. பிள்ளைகளிலும் அப்படி ஒன்று கூடுதலாக இருந்தால் நமக்கு நிம்மதி.

டீச்சர்: (எழுந்து எண்ணுகிறார்) என்னுடையது 24, உங்களுடையது 24... சார், 49 வருகிறது.

வாத்தியார்: அதோ கால்வாயில், படகில் இருப்பவனை இரண்டு தடவை எண்ணியிருப்பீர்கள்.

டீச்சர்: இல்லை சார். அதோ, மஞ்சள் தொப்பி. பிரெஞ்சில் பேசுகிறான். ஜிரால்டாவில் எவனோ பாதி பொக்காடியோ கொடுத்தானாம், அப்போதிருந்து நம் கூடவே வருகிறான்.

வாத்தியார்: கையில் நம் கேள்வித்தாள் வைத்திருக்கிறானே!

டீச்சர்: (வாங்கிப் பார்த்து) நான்கு ராஜ்யமும் சரியாக எழுதியிருக்கிறான் சார்.

வாத்தியார்: ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்க்காதீர்கள், ஆசை வரும். அதோ பாலத்தின் மேல் ஒரு அம்மா தலைகளை எண்ணிக்கொண்டே ஓடி வருகிறார், பிரெஞ்சு டீச்சராகத்தான் இருக்கும்.

டீச்சர்: இவனை நாமே வைத்துக்கொண்டு, பதிலுக்கு அந்தக் குதிரையைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாரா?

வாத்தியார்: குதிரை எங்கள் பையன் டீச்சர். சவாரி வந்தவனைக் கொடுங்கள்.