கழுத்துமட்டும் வந்த தண்ணீர்

டிசம்பர் பிறந்தாலே சபை வாட்ஸ்அப் குரூப்பில் வாக்குத்தத்தப் படங்கள் வரிசை கட்டி வரும். ஒரு புறா, ரெண்டு ரோஜா, நடுவில் ஒரு வசனம். யாரையும் குறை சொல்லலை, எங்க அம்மாவும் தினம் ஒண்ணு அனுப்புகிறவள்தான். ஆனால் ஏசாயா 43:2 வந்தால் மட்டும் என் விரல் அதைத் தள்ளிவிட்டுப் போய்விடும். "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்; நீ ஆறுகளைக் கடக்கும்போது அவைகள் உன்மேல் புரளுவதில்லை."

எங்க ஊரில் ஆறு புரண்டது.

ஏரல் பக்கம், தாமிரபரணிக் கரை. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மாவிடம் பேசினேன். மழை விடாமல் ஊத்துது, வீடுவீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப் போகிற கீத பவனிக்குப் பிள்ளைகள் வரமாட்டாங்க போல என்றாள். முந்திரிக்கொத்து சுட்டு டின்னில் அடைத்தாச்சு என்றாள். அதற்கு ரெண்டு வாரம் முன்னால்தான் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியில் என் வீட்டுக்குள் தண்ணீர் வந்திருந்தது. "நம்ம ஊர்ல இப்படிலாம் வராதுல, பேசாம இங்க வந்துரு" என்று அப்போது ஆறுதல் சொன்னவள் அவள்.

திங்கள் காலையில் போன் போகவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று டிவியில் ஓடியது. ஒரு வருஷத்துக்குப் பெய்கிற மழையை விட அதிகம். திருச்செந்தூரிலிருந்து கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பேரோடு நிற்கிறது என்றார்கள். ஸ்ரீவைகுண்டத்திலேயே இந்தக் கதி என்றால் ஏரல்? செவ்வாயும் அப்படியே. கரண்ட் இல்லை, டவர் இல்லை, ரோடு இல்லை. அன்றைக்குப் பார்த்துதான் குரூப்பில் யாரோ அந்த வசனத்தை, பூப்போட்டு, அனுப்பினார்கள். எழுதக்கூடாத ஒரு பதிலை டைப் செய்து, அழித்தேன்.

புதன் மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து அம்மா. "ஏல, நான் இருக்கேம்லா. அழாத." எதிர்வீட்டு மொட்டைமாடியில் பதினோரு பேர், ரெண்டு ராத்திரி. எங்க வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர். ஓடும்போது இவள் கையில் எடுத்தது பத்திரமும் இல்லை, நகையும் இல்லை, முந்திரிக்கொத்து டின். பதினோரு பேரும் அதைத்தான் தின்றிருக்கிறார்கள்.

இதைச் சாட்சியாகச் சொல்லச் சொல்லி என்னைச் சபையில் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். அந்த வெள்ளத்தில் தென் மாவட்டங்களில் பலர் செத்தார்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டுச் சுவரிலும் வசனக் காலண்டர் தொங்கியிருக்கும்? "விசுவாசித்தேன், பிழைத்தேன்" என்று நான் மைக்கில் சொன்னால் அவர்களைப் பற்றி என்ன சொன்னதாக ஆகும்? மத்தேயு இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். குழந்தை இயேசுவைக் கொல்ல ஏரோது ராஜா தேடுகிறான் என்று யோசேப்புக்குக் கனவு வந்தது, பிள்ளையோடு ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்குப் போய்விட்டான். பெத்லகேமில் ஏரோது கொன்றுபோட்ட மற்ற பிள்ளைகளின் தகப்பன்மாருக்குக் கனவு வரவில்லை. கிறிஸ்துமஸ் நாடகத்தில் நாம் அந்த சீனைப் போடுவதில்லை. மேய்ப்பர்களோடும், நட்சத்திரம் பார்த்து வந்த சாஸ்திரிகளோடும் திரை விழுந்துவிடும்.

இன்னொன்றையும் நாம் வாசிப்பதில்லை. ஏசாயா 7:14, இம்மானுவேல் வசனம், எல்லாருக்கும் மனப்பாடம். அது யாருக்குச் சொல்லப்பட்டது? யூதா தேசத்து ஆகாஸ் ராஜாவுக்கு. சீரியாவும் வடக்கு இஸ்ரவேலும் சேர்ந்து படையெடுத்து வருகிறது, காற்றில் காட்டுமரம் ஆடுகிற மாதிரி அவன் நெஞ்சு ஆடுகிறது. வண்ணார்துறை வழியில், மேற்குளத்து மதகுப் பக்கம் நிற்கிறான், ஊருக்குத் தண்ணீர் நிற்குமா என்று பார்க்கத்தானோ என்னவோ. எங்க ஊர்க் குளத்து மடையில் பெரியவர்கள் நிற்கிற நிற்புதான் எனக்கு ஞாபகம் வரும். அந்தப் பயந்த மனுஷனுக்குத்தான் இம்மானுவேல், அதாவது "தேவன் நம்மோடிருக்கிறார்", என்ற பேர் கொடுக்கப்படுகிறது. சரி, அதற்கப்புறம்? அடுத்த அதிகாரத்திலேயே, 8:8இல், அசீரிய ராஜாவின் படை வெள்ளமாகப் பிரவாகித்து யூதாவுக்குள் வரும், "கழுத்துமட்டும் எட்டுவான்" என்று இருக்கிறது. அந்த வசனத்துக்குள்ளேதான் "இம்மானுவேலே" என்ற கூப்பாடும் இருக்கிறது. அந்தப் பேர் அங்கே வருவது வெள்ளம் வடிந்த பிறகு இல்லை.

சேற்று வாடை போகாத வீட்டில், 24ஆம் தேதி ராத்திரி, உப்பிப்போன பைபிளைத் தூக்கி வைத்துவிட்டுப் போனில் இதை வாசித்தபோது கொஞ்ச நேரம் எனக்கு மூச்சே வரவில்லை. கழுத்துமட்டும். பக்கத்துச் சுவரில் அதே உயரத்தில் கோடு.

அதனால்தான் வருஷப் பிறப்பு ஆராதனையில், அந்த வருஷத்துக்கான வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது எனக்குச் சின்ன உறுத்தல். எரேமியா 29:11 வந்தால் எல்லாருக்கும் சந்தோஷம், "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". அதற்கு முந்தின வசனம், பாபிலோனுக்குச் சிறை போனவர்கள் திரும்ப எழுபது வருஷம் என்கிறது, அதை அட்டையில் அச்சடிக்க மாட்டார்கள். ரெண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகும் என்று சொன்ன ஒருத்தனும் எரேமியாவில் உண்டு, அனனியா. இன்றைக்கு இருந்தால் அவன் கூட்டத்துக்குத்தான் பந்தல் கொள்ளாது. நான் அட்டை எடுக்காமல் இல்லை. எடுத்து, வீட்டுக்கு வந்து, அந்த அதிகாரம் முழுக்க வாசிக்கிறேன்.

அந்தக் கிறிஸ்துமஸ் அன்று கோயிலில் பெஞ்சு காயவில்லை. தரையில் பாயைப் போட்டு உட்கார்ந்தோம், புதுத்துணி அநேகம் பேருக்கு இல்லை. பாட்டு மட்டும் வழக்கத்தை விடச் சத்தமாக இருந்த மாதிரி எனக்குப் பட்டது. திரும்பி வரும்போது அம்மாவிடம் கேட்டேன், அந்த ரெண்டு ராத்திரியும் வசனம் ஏதும் ஞாபகம் வந்துச்சாம்மா?

"வசனமா? அந்த வீட்டுக் கைப்பிள்ளைக்குப் பால் இல்லியேன்னுதாம்ல இருந்துச்சு." கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவளே, "ஆனா ஒத்தையில இருக்கோம்னு தோணல. ஏன்னு கேக்காத" என்றாள்.

நான் கேட்கவில்லை. சுவரில் அந்தக் கோட்டுக்கு மேல் வெள்ளையடித்தாச்சு. முந்திரிக்கொத்து டின் இப்போதெல்லாம் அடுக்களையில் இருப்பதில்லை. எதிர்வீட்டுக்கு ஓட வசதியாக, வாசல் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.