பாதி இறக்கையோடு எத்தனை நாள்தான் பறப்பது?

இன்றைக்கும் அதே கதைதான். விமானச் சண்டை கேமில் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டாம் உலகப் போர்க் கால விமானத்தைக் கிளப்பி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ரேடியேட்டரில் ஒரே ஒரு குண்டு. மெர்லின் எஞ்சின், 12 சிலிண்டர், 27 லிட்டர். பெயருக்குத்தான் பெரிய மனுஷன். குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஒழுகினால் சூடேறிச் செத்துவிடும். தண்டர்போல்ட் என்ற இன்னொரு விமானத்துக்கு 18 சிலிண்டர், காற்றிலேயே குளிரும், ஒழுகக் கூலன்ட்டே இல்லை, அதை எடுக்கலாமே என்கிறீர்களா? எடுத்தேன். போன வாரம் வால் பிய்ந்தது.

சரி, தரையிறக்கலாம் என்றால் இடது இறக்கையில் பாதியைக் காணோம். ஜாய்ஸ்டிக்கை வலப்பக்கம் அழுத்திப் பிடித்தே மணிக்கட்டு போய்விட்டது. வேகத்தைக் குறைத்தால் கவிழ்கிறது. குறைக்காவிட்டால் ஓடுபாதை போதவில்லை. தொப்பூர் கணவாயில் பிரேக் போன லாரிக்கு இறக்கை கட்டிவிட்டால் இப்படித்தான் இருக்கும். அந்த எதிரி மட்டும் நான் சுட்டதையெல்லாம் வாங்கிக்கொண்டு ஜம்மென்று மேலே ஏறுகிறான். அவன் எஞ்சினில் என்ன, கேழ்வரகுக் கூழா ஓடுகிறது?

எப்படியோ ஓடுபாதைக்கு நேராகக் கொண்டுவந்தேன். சக்கரம் ஒன்றுதான் இறங்கியது, பரவாயில்லை. நூறடி உயரம். தர்மபுரியில் கரண்ட் போனது.

“இப்பவாவது வந்து களி தின்னுடா” என்கிறார் அம்மா, அடுப்படியிலிருந்து.