யூரியா 38: அந்த '20' எந்தப் பரிசோதனையின் எல்லை?

ரத்த யூரியா (புரதத்திலிருந்து உருவாகி, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 20-க்கு மேல் போனாலே சிறுநீரகம் பழுது, 38 என்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அக்கறையோடு சொன்னதுதான். ஆனால் அந்த 20 வேறொரு பரிசோதனையின் எல்லை.

நம்மூர் லேப்களில் பெரும்பாலும் தருவது 'பிளட் யூரியா'. அமெரிக்க இணையதளங்கள் சொல்வது 'பியுஎன்' (பிளட் யூரியா நைட்ரஜன்), அதாவது யூரியாவில் இருக்கும் நைட்ரஜனின் எடை மட்டும். ரத்தம் ஒன்றுதான், எண் மாறும். யூரியா மூலக்கூறின் எடை 60. அதில் இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு 28. வகுத்தால் சுமார் 2.14. ஆகவே பியுஎன்னுக்குச் சொல்லப்படும் 7–20 என்ற வழக்கமான அளவு, யூரியாவாக மாற்றினால் ஏறக்குறைய 15–43. அந்த 38-ஐ 2.14-ஆல் வகுத்துப் பாருங்கள், 17.8 வரும். எல்லைக்குள்தான் இருக்கிறது.

நீங்களே சரிபார்க்கலாம். ரிப்போர்ட்டில் பரிசோதனையின் பெயர் யூரியாவா, யூரியா நைட்ரஜனா என்று பாருங்கள். அதே வரியில் அந்த லேப் அச்சிட்டிருக்கும் இயல்பளவோடு மட்டும் ஒப்பிடுங்கள், இணையத்தில் கிடைத்ததோடு அல்ல. அலகு மி.கி./டெசிலிட்டர் என்று இருந்தால்தான் இந்த 2.14 கணக்கு பொருந்தும்.

அந்த நண்பர் எழுதியதைப் படித்துவிட்டு அம்மாவுக்குப் பருப்பையே நிறுத்திவிட்டதாக எழுதிய சகோதரி, தயவுசெய்து அவசரப்படாதீர்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் முடிவையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.