படிச்சது டீச்சராகத்தானே?

இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் ஒரு பிள்ளை கெம்பஸ் (பல்கலைக்கழகம்) முடித்துவிட்டு வந்தால், லயத்தில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், யாரும் "என்ன வேலைக்குப் போகப் போற?" என்று கேட்பதில்லை. நேரே "எந்த ஸ்கூல் கெடச்சிருக்கு?" என்றுதான் கேட்பார்கள். பட்டதாரி என்றால் டீச்சர். ஆகவில்லை என்றால் ஒன்று அதிர்ஷ்டம் கெட்டவள், இல்லை திமிர் பிடித்தவள். எனக்கு இரண்டு பெயரும் உண்டு.

முதலில் பெரியவர்கள் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1945ல் இந்த நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 70களில்தான். அதுவரைக்கும் ஒரு மண்டபம், ஒரு மாஸ்டர், ஐந்தாம் வகுப்பு, அப்புறம் கொழுந்துக் கூடை. அதன் பிறகு ஆசிரியர் நியமனங்கள் வரத் தொடங்கியபோதுதான் பெரட்டுக்கு, அதாவது காலையில் தோட்ட வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகாமல் மாதச் சம்பளம் வாங்கும் ஆளை எங்கள் ஜனங்கள் தங்கள் வீட்டிலேயே பார்த்தார்கள். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கு ஒரு பிள்ளை தெரிவானால் அந்தக் குடும்பத்துக்கே விடிவு. பென்ஷன் உண்டு, வங்கியில் லோன் உண்டு, தோட்ட மனேஜரான துரை கூட நின்று பேசுவார். எங்கள் ஆட்களுக்குத் திறந்த முதல் கதவு அது. அந்த வழியாக நம் பிள்ளையும் போக வேண்டும் என்று ஆசைப்படுவதில் என்ன தப்பு?

தப்பு ஆசையில் இல்லை. அந்தக் கதவு இப்போது எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்க்காமலே பிள்ளையைக் குறை சொல்வதில்தான் இருக்கிறது.

"ஏ.எல்.லில் எடுத்த பாடம் ஒன்று, பட்டம் ஒன்று, இப்போ செய்வது ஒன்று. உனக்கு ஒரு இலக்கே இல்லையா?" என்று ஒரு சித்தப்பா கேட்டார். யோசித்துப் பார்த்தேன். எங்கள் பாடசாலையில் ஏ.எல்., அதாவது உயர்தரம், என்றாலே கலைப்பிரிவுதான். விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டால் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ போய்த் தங்க வேண்டும். அந்தச் செலவைப் பற்றி வீட்டில் பேசவே இல்லை, பேசத் தேவையும் இருக்கவில்லை. தமிழ், புவியியல், இந்து நாகரிகம்: எந்தப் பாடத்துக்கு டீச்சர் இருந்தாரோ அதுதான் என் பாடத் தெரிவு. அப்புறம் இசட் புள்ளி, பல்கலைக்கழக அனுமதிக்காக ஏ.எல். பெறுபேற்றிலிருந்து கணக்கிடும் புள்ளி. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் தேசிய அளவிலான திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்பது கணக்கு. நுவரெலியா அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. அந்தக் கணக்கு என்னைப் பேராதனைக் கலைப்பீடத்தில் கொண்டுபோய் விட்டது.

இதில் நானாக எடுத்த தீர்மானம் ஒன்றே ஒன்று, புவியியலை விசேட பட்டமாகச் செய்தது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியபோது நான் ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். எங்கள் லயமும் ஒரு சரிவில்தான் இருக்கிறது. மலை ஏன் இறங்குகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்கு என்ன வேலை கிடைக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அதையும் எடுத்திருக்க மாட்டேன்.

2019ல் பட்டம் கையில் கிடைத்தது. அந்த வருடம் அம்மாவின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். அடுத்த வருடம் அரசாங்கம் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகளைப் பயிலுனர்களாக எடுத்தது, மாதக் கொடுப்பனவு 20,000 ரூபாய். எனக்கும் ஒரு பிரதேச செயலகத்தில், எங்கள் ஆட்கள் கச்சேரி என்று சொல்லும் அரசாங்க ஆபீஸில், இடம் கிடைத்தது. அம்மா மாதம் முழுக்க அரைநாள் சம்பளமான அரைப்பேர் ஒன்று கூட விழாமல் கொழுந்தெடுத்தால் வருவதற்குக் கொஞ்சம் மேலே. வீட்டில் பொங்கல் வைத்தோம். ஆபீஸில் ஒரு மேசையைச் சுற்றி நாங்கள் பலர். கதிரை போதாத நாட்களில் வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்துவிட்டு மாறி மாறி வெளியே போய் நிற்போம். அங்கிருந்த ஐயாமார் கெட்டவர்கள் இல்லை. எங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர்களுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அந்த ஆட்சேர்ப்பில் ஒரு வேடிக்கை நடந்தது. என்னோடு படித்த ஒருத்தி பட்டம் முடித்த கையோடு கண்டியில் ஒரு தனியார் இடத்தில் கொஞ்ச நாள் வேலை செய்தாள். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டியிருக்கிறாள், ஆகவே வேலை உள்ளவள் என்று முதல் பட்டியலில் பெயர் வரவில்லை. மேன்முறையீடு எழுதித்தான் உள்ளே வந்தாள். வீட்டில் சும்மா இருந்த எங்களுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. இதைப் பார்க்கிற ஒரு இருபத்தைந்து வயதுப் பிள்ளை என்ன படிக்கும்? எதையும் தொடாதே, காத்திரு, தொட்டால் சீட்டு கிழியும். எங்கள் பக்கத்துப் பட்டதாரிகளுக்குத் துணிச்சல் இல்லை என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். துணிந்தவருக்குத் தண்டனையும் காத்திருந்தவருக்குப் பரிசும் கொடுத்து எங்களைப் பழக்கியவர்கள் யார்?

2022 எல்லோருக்கும் தெரிந்த கதை. ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. பெற்றோல் வரிசை, மின்வெட்டு, ஆபீஸுக்கு முறை வைத்துப் போவது. ஜூன் மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது: அரசாங்க ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத விடுமுறை எடுத்துக்கொண்டு வெளிநாட்டில் வேலை பார்க்கலாம், பதவி உயர்வும் பென்ஷனும் பாதிக்காது. அதை வாசித்த அன்றைக்கு எனக்குச் சிரிப்புதான் வந்தது. அரசாங்கமே தன் ஆட்களைப் பார்த்து வேறு வழி தேடிக்கொள் என்கிறது, நானோ கதிரைக்கு முறை வைத்து நிற்கிறேன்.

என் செட்டில் கொமர்ஸ் முடித்த ஒரு பையன் கொரிய மொழிப் பரீட்சை எழுதிப் போய்விட்டான். அங்கே ஒரு தொழிற்சாலையில் இரும்பு வேலை. அந்த வேலைக்குப் பட்டமே தேவையில்லை. அவன் படிப்பை வீணாக்கிவிட்டான் என்று லயத்தில் ஒரு ஆளாவது சொல்லி நான் கேட்டதில்லை. அவன் அப்பா கோயில் திருவிழாவுக்கு முன்வரிசையில் நிற்கிறார். மாதாமாதம் காசு வந்தால் இலக்கு மாறியதை யாரும் கண்டுகொள்வதில்லை. ஊரிலேயே இருந்துகொண்டு, அதுவும் ஒரு பொம்பளப் பிள்ளை, வேறு ஒன்றைச் செய்தால்தான் பிரச்சினை.

நான் செய்வது இதுதான்: மலையில் நடக்கிறேன். சுற்றுலாப் பயணிகள் திரும்ப வரத் தொடங்கியபோது பயிற்சி எடுத்து, வழிகாட்டி லைசன்ஸ் வாங்கி, ஆபீஸை விட்டேன். பீக்கோ ட்ரெயில் என்று ஒரு நடைபாதை இருக்கிறது. கண்டி ஹந்தானையில் தொடங்கி, லூல்கந்துர, பூண்டுலோயா, கொட்டகலை, பொகவந்தலாவை, அப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடியும். 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்கள். பாதை புதிதில்லை, வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலை இறக்கப் போட்ட வழிகள்தான் பெரும்பாலும். எங்கள் தாத்தாமார் சுமை தூக்கி நடந்த வழியில் இப்போது காசு கொடுத்து நடக்க வருகிறார்கள்.

ஒருநாள் ஒரு ஜெர்மன் ஜோடியைக் கூட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்து மலையாலேயே போக வேண்டி வந்தது. தேயிலை வரிசையான நிறையில் நின்று கொழுந்தெடுத்தவர்களில் என் பெரியம்மாவும் ஒருவர். அந்த ஜெர்மன் பெண் கெமராவைத் தூக்கினாள், கேட்காமல் எடுக்க வேண்டாம் என்றேன். பெரியம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்கை இழுத்துச் சரிசெய்துகொண்டு, தலைக்கயிற்றை ஒரு விரலால் பின்னே தள்ளி, என்னை மேலும் கீழும் பார்த்தார். காலில் பூட்ஸ், முதுகில் பை.

"இந்த மலையில நடக்கத்தானா ஆயி கெம்பஸ் போயி படிச்ச? நான் படிக்காமலே நடக்குறேனே!"

நிறையே சிரித்தது. கங்காணியும் சிரித்தார். என்ன சொன்னார் என்று அந்த ஜோடி ஆவலாகக் கேட்டது. கால் வலிக்கவில்லையா என்று கேட்கிறார் என்றேன். அவர்கள் பெரியம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

சரி, பெரியம்மா கேட்டது நியாயமான கேள்வி. மாவட்ட ஒதுக்கீட்டில் கிடைத்த ஒரு இடத்தை, ஊர் காசில் படித்த படிப்பை, வீணாக்கிவிட்டேனா? இந்தக் குற்றச்சாட்டை நான் லேசாக எடுப்பதில்லை. என் இடத்துக்கு அடுத்த புள்ளியில் இன்னொரு தோட்டத்துப் பிள்ளை நின்றிருக்கும். ஆனால் நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஆபீஸில் இருந்த காலம் முழுக்க யாரும் என்னிடம் புவியியல் சம்பந்தமாக ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்போது தினமும் கேட்கிறார்கள். ஏன் இந்தச் சரிவில் தேயிலை, அந்தச் சரிவில் காடு? வடிகால் கான் ஏன் இப்படிக் குறுக்காக வெட்டியிருக்கிறது? பயணிகள் மட்டுமில்லை, லயத்து ஆட்களும் கேட்கிறார்கள். நிலத்தில் வெடிப்பு வந்தால், சுவர் பிளந்தால், மரம் சாய்ந்தால், ஊற்றுத் தண்ணீர் மழைக்குத் திடீரென்று கலங்கினால் வீட்டை விட்டுக் கிளம்பு, கிராம உத்தியோகத்தருக்குச் சொல் என்று போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறேன். கேட்பவர்கள் கேட்கிறார்கள். படித்தது எங்கே போயிற்று என்றால், அங்கேதான் போயிற்று.

இதை வைத்து "ஆசைப்பட்டதைச் செய், வாழ்க்கை தானாக அமையும்" என்று எழுதுவேன் என்று யாராவது எதிர்பார்த்தால், மாட்டேன். மே மாதம் தென்மேல் பருவம் பிடித்தால் எங்கள் பக்கம் புக்கிங் படுத்துவிடும். எனக்கு ஈ.பி.எஃப். இல்லை. சம்பளச் சீட்டு இல்லாததால் வங்கியில் லோன் கேட்டுப் போனால் உட்காரச் சொல்வதோடு சரி. அட்டைக்கடி தனி. விஞ்ஞானம் முடித்த ஒரு தம்பி கொழும்பில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதுகிறான். அவனுக்கும் இலக்கு மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். அவனுக்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதான். தானாக மாறுவதும் தள்ளிவிடப்படுவதும் வெளியே இருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

அதேபோல் டீச்சராகப் போன என் சிநேகிதி ஒருத்தி ஸ்கூல் முடிந்தும் பிள்ளைகளை அனுப்ப மனமில்லாமல் இருக்கிறாள். அப்படி ஒரு டீச்சர் எனக்குக் கிடைத்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். அவள் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பட்டதாரி ஆசிரியர் பரீட்சைக்கு வர்த்தமானி வந்து, வயதும் இடம் கொடுத்தால் நானும் விண்ணப்பம் போடுவேன். கிடைத்தால் போவேனா? மழைக்காலத்தில் கேட்டால் ஒரு பதில், டிசம்பரில் கேட்டால் ஒரு பதில்.

இப்போது பட்டம் முடித்த தங்கச்சிமார் சிலர் இன்பாக்ஸில் கேட்பதால் மட்டும் இதைச் சேர்க்கிறேன். லைசன்ஸ் இல்லாமல் யாரையும் மலைக்குக் கூட்டிப் போகாதீர்கள், ஏதாவது நடந்தால் பழி உங்கள் தலையில். லைசன்ஸ் கொடுப்பது சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை. பயிற்சிக்குக் கொழும்புக்கே ஓட வேண்டும் என்றில்லை, சுற்றுலா ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனத்துக்குக் கண்டியிலும் பண்டாரவளையிலும் கிளை இருக்கிறது, அங்கே போய் விசாரியுங்கள். ஆங்கிலம் பேசப் பழகுங்கள், சிங்களத்தை எழுதவும் பழகுங்கள். நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் பேசுவதோடு நிறுத்திவிடுகிறோம், படிவம் நிரப்பப் போகும்போதுதான் தெரிகிறது. ஆபீஸ் வேலை ஏற்கனவே இருந்தால் கையில் கொஞ்சம் காசு சேரும் வரைக்கும் கடிதம் கொடுக்காதீர்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது என்று மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம். என் அம்மா இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் "மக கச்சேரியில இருக்கா" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.