தசர் பட்டுப்பூச்சி மூதாதை அல்ல

"காட்டுத் தசர் பூச்சியைப் பழக்கித்தான் மல்பெரிப் பட்டுப்புழுவை உருவாக்கினார்கள்" என்று ஒரு கருத்தைப் பார்த்தேன். இல்லை. தசரும் பட்டு தரும் பூச்சிதான்; ஆனால் இரண்டும் வேறு வேறு குடும்பங்கள். தசர் புழு மருத மர இலையைத் தின்று, கெட்டியான காம்பு வைத்துக் கிளையில் கூட்டைத் தொங்கவிடும். அந்தக் காம்பைப் பார்த்தாலே வித்தியாசம் புரிந்துவிடும்.

நம் பட்டுப்புழுவின் உண்மையான காட்டு உறவு, கிழக்காசியாவின் பாம்பிக்ஸ் மாண்டரினா. அதுவும் மல்பெரி இலைதான் தின்னும். புழு பழுப்பு நிறம், மரக்கிளையோடு கலந்துவிடும். பூச்சி நன்றாகவே பறக்கும். வீட்டுப்பூச்சிக்கோ சிறகு இருந்தும் பயனில்லை.

இதில் சுவையான சான்று, செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்தான்: வீட்டுப்புழுவுக்கு 28 இணை, சீனக் காட்டினத்துக்கும் 28, ஜப்பானியக் காட்டினத்துக்கு 27. மரபணு ஒப்பீடுகளும் சீனக் காட்டினத்தையே மூதாதையாகக் காட்டுகின்றன. இன்றும் வீட்டுப்பூச்சியும் மாண்டரினாவும் கலந்தால் இனவிருத்தி செய்யக்கூடிய சந்ததி பிறக்கும். தசரோடு அது நடக்காது.