சைபர்கார்ப்ஸ் உதவித்தொகை எஃப்-1 விசாவில் போகிறவர்களுக்குக் கிடையாது

அமெரிக்காவில் சைபர் செக்யூரிட்டி எம்.எஸ். படிக்கப் போகும் சென்னை மாணவர்களும் சைபர்கார்ப்ஸ் என்ற அமெரிக்க அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், படிப்பு முடிந்ததும் அங்கேயே அரசு வேலை என்று ஒரு பதிவு வலம் வருகிறது. பலர் பகிர்ந்தும் இருக்கிறீர்கள்.

திட்டம் உண்மையானதுதான். ஆனால் அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும். மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு வழியில்லை. அமெரிக்க அரசு அலுவலகங்களுக்கு ஆள் சேர்ப்பதற்காகவே என்.எஸ்.எஃப். என்ற தேசிய அறிவியல் அறக்கட்டளை இதற்குப் பணம் தருகிறது. எத்தனை காலம் உதவித்தொகை வாங்கினார்களோ, அத்தனை காலம் அரசுப் பணி செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் வாங்கிய தொகை கடனாக மாறிவிடும்.

சரிபார்ப்பது எளிது. எஸ்எஃப்எஸ் டாட் ஓபிஎம் டாட் ஜிஓவி என்ற அரசுத் தளத்தில் மாணவர்களுக்கான தகுதிப் பகுதியைப் பாருங்கள். முதலில் கேட்பதே குடியுரிமைதான். சந்தேகம் இருந்தால் நீங்கள் சேரப்போகும் பல்கலைக்கழகத்தில் இந்தத் திட்டத்தைக் கவனிக்கும் பேராசிரியருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். இந்தப் பணம் வரும் என்று நம்பி கல்விக் கடனைக் குறைத்துக் கேட்க நினைப்பவர்கள், வங்கிக்குப் போகும் முன் தயவுசெய்து இதைப் பார்த்துவிடுங்கள்.